மாதுளை மூன்று வருடமாகப் பூக்கிறது, ஒரு காய்கூட நிற்கவில்லை

#1 முற்றத்து_நிழல்

எல்லோருக்கும் வணக்கம். வெகுநாளாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது முதல் முறை.

வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் அழகுக்கு ஒரு பூமரம் வேண்டும், அதிலேயே சாப்பிட ஏதாவது கிடைத்தால் இன்னும் நல்லது என்று மாதுளை வைத்தோம். நட்டு நான்கு வருடம். இரண்டாம் வருடமே பூக்க ஆரம்பித்துவிட்டது. பூவைப் பற்றிக் குறையே இல்லை. மெழுகில் செய்த மாதிரி தடித்த சிவப்பு மொட்டு, அதிலிருந்து கசங்கிய பட்டுத்துணி போல இதழ். ஆனால் அத்தனையும் கீழேதான் விழுகிறது. அம்மா காலையில் பெருக்கும்போது எண்ணிச் சொல்வார். இன்று 38.

மரம் தரையில் நிற்கிறது, 7 அடி உயரம். காலையில் 3 மணி நேரம் வெயில், அப்புறம் நிழல். தினமும் மாலையில் ஹோஸ் பிடித்துத் தண்ணீர். மாதம் ஒரு கைப்பிடி யூரியா, கொஞ்சம் சாணி உரம். இலை பளபளவென்று இருக்கிறது, பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. காய் மட்டும் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது?

#2 வேலிக்கொடி

முதலில் ஒன்று சொல்லுங்கள். பூ ஒற்றையா, அடுக்கா?

அழகுக்கென்றே வளர்க்கிற அடுக்கு மாதுளை ஒன்று உண்டு. கார்னேஷன் பூப்போல இதழ் நிறைந்து இருக்கும். அதில் மகரந்தக் கேசரங்களே இதழாக மாறிவிட்டதால் காய் பிடிக்காது. சிவப்பில் வெள்ளை விளிம்பு போட்ட அடுக்கும் இருக்கிறது. நர்சரியில் "மாதுளை" என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள், வாங்குகிறவருக்கும் பூக்கும்வரை தெரியாது. எனக்கு அப்படித்தான் ஆனது. ஐந்து வருடம் உரம் மாற்றி மாற்றிப் போட்டேன்.

#3 முற்றத்து_நிழல்

இப்போதுதான் போய் எண்ணினேன். ஒன்றில் 6 இதழ், இன்னொன்றில் 7. நடுவில் மஞ்சள் தலையோடு கேசரங்கள் கொத்தாக இருக்கின்றன. அப்படியென்றால் ஒற்றைதானே?

#4 பழைய_மண்வெட்டி

ஒற்றைதான். அப்பாடா. இனி பேசுவதில் அர்த்தம் இருக்கிறது.

நாளைக் காலையில் அம்மா பெருக்குவதற்கு முன்னால் விழுந்த பூவில் பத்துப் பதினைந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிளேடு வேண்டும். காம்பிலிருந்து வாய்வரை நெட்டுக்குத்தாகப் பிளந்து உள்ளே பாருங்கள். மாதுளையில் இரண்டு விதப் பூ வரும், ஒரே மரத்தில், சில சமயம் ஒரே கிளையில்.

ஒன்று மணி வடிவம். காம்புப் பக்கம் கூம்பிப் போயிருக்கும். பிளந்தால் அடியில் சூற்பை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. நடுவில் இருக்கிற சூல்தண்டு குட்டையாக, கேசரங்களுக்கு அடியிலேயே அமுங்கி நிற்கும். பெயருக்கு இருபால் பூ, வேலைக்கு ஆண் பூ. இது விழத்தான் வேண்டும். அதைத் தடுக்க எந்த மருந்தும் இல்லை, இருந்தாலும் தேவையில்லை.

இன்னொன்று குடம் மாதிரி. அடி பருத்திருக்கும். பிளந்தால் உள்ளே சின்னச் சின்ன வெள்ளைச் சூல்கள் அடுக்கியிருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். சூல்தண்டு கேசரங்களின் உயரத்துக்கு, அல்லது அதற்கும் மேலே தலை நீட்டும். காய் ஆகிறது இதுதான்.

எத்தனை மணி, எத்தனை குடம் என்று எண்ணி எழுதுங்கள். அதற்குப் பிறகு உரத்தைப் பற்றிப் பேசலாம்.

#5 சின்னத்தொட்டி

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது நானா என்கிற குட்டை மாதுளை, தொட்டியில், முழங்கால் உயரம். வருடம் முழுக்கப் பூக்கிறது. எலுமிச்சையைவிடச் சின்னதாக நான்கைந்து காயும் நிற்கிறது. ஆனால் புளிப்பு என்றால் புளிப்பு, பல் கூசுகிறது. உரம் போட்டால் இனிக்குமா?

#6 பழைய_மண்வெட்டி

இனிக்காது தம்பி. அந்த ரகமே அப்படி. கண்ணுக்கு வைத்த செடி, நாக்குக்கு இல்லை. காயைச் செடியிலேயே விட்டுவிடுங்கள், அது சிவந்து தொங்குவதே ஒரு அழகு.

#7 முற்றத்து_நிழல்

பிளந்தாயிற்று. அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். 15 எடுத்தோம்.

14 மணி. நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது, காம்புப் பக்கம் வெறும் தடித்த தோல்தான். சூல்தண்டு பென்சில் முனை உடைந்த மாதிரி மொட்டையாக நிற்கிறது. ஒன்றே ஒன்று குடம். அதன் வயிற்றில் வரிசையாக வெள்ளை ரவை. "இதுக்குள்ள இவ்வளவு இருக்கா" என்று அம்மா இரண்டு முறை கேட்டார். அந்தப் பூ விழுந்துவிட்டதே என்று வருத்தம் வேறு.

விரல் நுனியெல்லாம் பழுப்பாகக் கறை. சோப்பு போட்டும் போகவில்லை.

#8 பழைய_மண்வெட்டி

கறை இரண்டு நாளில் போய்விடும், அது துவர்ப்புச் சத்து. பழத்தோலில் இன்னும் அதிகம், அந்தக் காலத்திலிருந்து துணிக்குச் சாயம் போட்டதும் தோல் பதனிட்டதும் அதை வைத்துத்தான். வெள்ளைச் சட்டையோடு மட்டும் பிளக்காதீர்கள்.

நன்றாகக் காய்க்கிற மரத்திலும் பாதிக்கு மேல் மணிப்பூவாக இருப்பது சாதாரணம். 15க்கு 14 என்பது கொஞ்சம் ஜாஸ்தி. ஆனால் ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். நீங்கள் எடுத்தது விழுந்த பூக்களை. குடப்பூ காய் பிடித்திருந்தால் மரத்திலேயே இருக்கும், தரைக்கு வராது. ஆகவே மரத்தில் இருக்கிற பூக்களையும் வெளியிலிருந்தே பாருங்கள், அடி பருத்திருக்கிறதா என்று. பிளக்கத் தேவையில்லை.

கிளை நுனியில் பூ கொத்தாக வரும்போது சரியாக நுனியில் நடுவே இருக்கிறதுதான் பெரும்பாலும் குடம். சுற்றி வருகிறவை மணி. பருவத்தின் முதல் அலையில் வருகிற பெரிய பூக்களில் குடம் அதிகம், கடைசி அலையில் குறைவு. கணக்கு எடுக்கும்போது இதையும் பாருங்கள்.

மணிப்பூ ஏன் கூடுகிறது? மரம் இளசு என்பது ஒரு காரணம். காயைச் சுமக்கிற அளவுக்குச் சத்து சேரவில்லை என்றால் மரம் செலவில்லாத பூவாகப் போட்டுவிடும். சூற்பை கட்டுவது செலவு. உங்கள் மரத்துக்கு 3 மணி நேரம்தான் வெயில். அதில் நீங்கள் யூரியா வேறு போட்டு "இலை விடு, இலை விடு" என்று கிளப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். அது பேச்சைக் கேட்கிறது, அவ்வளவுதான்.

#9 இலைச்சருகு

யூரியா என்று படித்ததுமே நினைத்தேன். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மட்கு மட்டும் போடுங்கள். நான் பத்து வருடமாக ஒரு சிட்டிகை ரசாயனம் போட்டதில்லை, என் மரம் காய்க்கிறது.

#10 பழைய_மண்வெட்டி

உங்கள் மரத்துக்கு எத்தனை மணி நேரம் வெயில்?

#11 இலைச்சருகு

காலை முதல் மாலை வரை. சரி சரி, புரிகிறது. ஆனால் சாணி உரத்திலும் தழைச்சத்து இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். யூரியாவை நிறுத்திவிட்டு அதே அளவு தழைச்சத்தைச் சாணியில் கொட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

#12 தேனீப்பெட்டி

மகரந்தச் சேர்க்கையை யாரும் தொடவில்லையே. நான் பெட்டி வைத்துத் தேனீ வளர்க்கிறவன், அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

மாதுளைக்கு ஜோடி மரம் கட்டாயமில்லை. தன் மகரந்தமே போதும். பக்கத்தில் வேறு ரகம் இருந்தால் சில மரங்களில் காய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். தேனீ வருவது பெரும்பாலும் மகரந்தத்துக்காக, காலில் மூட்டை கட்டிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் பூச்சி மருந்து அடித்தால் காரியம் கெட்டது. மருந்து அடிக்கிறவர்கள் வேப்பெண்ணெயாகவே இருந்தாலும் அந்தி சாய்ந்த பிறகு அடியுங்கள்.

மகரந்தத்தை நாமே தூரிகையால் தடவுவது வலை போட்ட பால்கனியில், பூச்சியே வராத இடத்தில் வேண்டுமானால் உதவும். திறந்த முற்றத்தில் அது நமக்குப் பொழுதுபோக்கு.

#13 சின்னத்தொட்டி

எனக்கு வலை போட்ட பால்கனிதான். தூரிகையால் தடவிய பிறகுதான் காய் வந்தது. அதனால் பொழுதுபோக்கு என்று சொன்னதைக் கண்டிக்கிறேன் :)

#14 நடு_இரவு_தோட்டக்காரர்

வணிகமாகப் பயிரிடுகிறவர்கள் ஒரு மாதம், ஒன்றரை மாதம் தண்ணீரை நிறுத்தி, இலை உதிர்ந்ததும் லேசாகக் கவாத்து செய்து, பிறகு உரமும் தண்ணீரும் கொடுப்பார்கள். ஒரே நேரத்தில் பூ பூத்துத் தள்ளும். வீட்டு மரத்துக்கும் செய்யலாமே?

#15 வேலிக்கொடி

செய்தேன். தொட்டியில் இருந்த மரத்துக்கு. இலை உதிர்ந்தது, கிளை உதிர்ந்தது, கடைசியில் மரமும் போய்விட்டது. தோட்டத்து மண் ஆழத்தில் ஈரம் வைத்திருக்கும், தொட்டிக்கு அந்தச் சேமிப்பு இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

#16 பழைய_மண்வெட்டி

வேலிக்கொடி சொன்னதை அடிக்கோடு போட்டு வையுங்கள். தரையில் இருக்கிற, கட்டை முற்றிய மரத்துக்கு அது சரி. அதன் நோக்கமே எல்லாக் காயும் ஒரே சமயத்தில் சந்தைக்கு வர வேண்டும் என்பதுதான். வீட்டுக்கு எதற்கு? விட்டு விட்டுக் காய்த்தால்தான் விட்டு விட்டுச் சாப்பிடலாம். முற்றத்து நிழலின் மரத்துக்குப் பூ பஞ்சமே இல்லை, இன்னும் பூவை வரவழைத்து என்ன செய்ய?

நான் செய்தால் செய்வது இது. யூரியா கிடையாது. தினசரி ஹோஸ் கிடையாது. வாரம் இரண்டு முறை, ஆனால் ஒரு முழம் ஆழம் நனைகிற மாதிரி, தண்டின் மேல் ஊற்றாமல் கிளை விரிகிற எல்லையில் ஊற்றுவேன். சருகால் மூடாக்கு, தண்டை ஒட்டி மட்டும் நாலு விரல் இடைவெளி. அடியிலிருந்து கிளம்புகிற போத்துகளை விரல் கனத்துக்கு வருமுன் கிள்ளிவிடுவேன், அவை சாப்பாட்டுக்கு முதலில் உட்கார்ந்துவிடும். நான்கு நல்ல தண்டு போதும்.

கவாத்து என்று கத்தரிக்கோலை எடுத்து நுனியெல்லாம் வட்டமாக வெட்டாதீர்கள். அழகு மரம் என்று வைத்தவர்கள் செய்கிற பெரிய தப்பு அதுதான். முற்றிய கிளையின் குட்டை நுனிகளில்தான் பூ வரும். பந்து மாதிரி வெட்டினால் அடுத்த பருவத்துப் பூவைக் குப்பையில் போட்ட மாதிரி. உள்ளே குறுக்கே ஓடுகிறது, காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுகிறது, இவற்றை மட்டும் அடியோடு எடுங்கள். கையுறை போடுங்கள், நுனிகள் முள்ளாக முடியும்.

அப்புறம் வெயில். நிழல் எதனால்? சுவரா, மரமா?

#17 முற்றத்து_நிழல்

மதில்மேல் பந்தல் கட்டி ஏற்றிவிட்ட கொடி. அது அப்பா வைத்தது. கேட்டுப் பார்க்கிறேன்.

#18 கைவைத்தியம்

காய் வராவிட்டால் என்ன, மாதுளை வேர்ப்பட்டைக் கஷாயம் குடற்புழுவுக்குக் கைகண்ட மருந்து. மரத்தை அதற்குப் பயன்படுத்தலாமே.

#19 மட்டுறுத்துநர்

வேர்ப்பட்டையில் பெல்லெட்டியரின் முதலான ஆல்கலாய்டுகள் என்கிற வீரியமான தாவர வேதிப்பொருட்கள் உண்டு. நாடாப்புழுவுக்கு ஒரு காலத்தில் பயன்பட்டது உண்மைதான், ஆனால் அளவு தப்பினால் தலைசுற்றல், வாந்தியோடு நிற்காது, பார்வையையும் பாதிக்கும். வீட்டில் யாரும் முயல வேண்டாம். இழை மரம் வளர்ப்பதோடு தொடரட்டும்.

#20 குளிர்_மண்

குளிர் நாட்டில் இருந்து எழுதுகிறேன். இங்கே மாதுளை இலை முழுக்க உதிர்ந்து குச்சியாக நிற்கும். முதல் வருடம் செத்துவிட்டது என்று பிடுங்கப் போனேன். நகத்தால் பட்டையைக் கீறினால் உள்ளே பச்சை. உறங்குகிற மரம் மைனஸ் 10 டிகிரி வரை தாங்குகிறது, துளிர்விட்ட பிறகு வருகிற பனிதான் ஆளைக் கொல்லும். பூ பிரமாதம். ஆனால் பூவிலிருந்து பழம்வரை ஐந்தாறு மாதம் வேண்டுமே, எங்கள் கோடை அதற்குப் போதவில்லை. காய் எலுமிச்சை அளவில் நின்றுவிடுகிறது. நான் பூவுக்காகவே வைத்திருக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று, சும்மா தெரிந்துகொள்ள. தாவரவியலில் மாதுளைக்கு முன்பு தனிக் குடும்பமே கொடுத்திருந்தார்கள், இப்போது மருதாணி இருக்கிற குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். மேலே கறை பற்றிப் பேசியதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. மாதுளையின் பேரினத்தில் மொத்தமே இரண்டு சிற்றினம்தான், இன்னொன்று அரபிக்கடலில் இருக்கிற சொகோட்ரா தீவில் மட்டும் இருக்கிறது.

#21 முற்றத்து_நிழல்

நான்கு மாதம் கழித்து வருகிறேன். அப்பா முழுக் கொடியையும் வெட்டச் சம்மதிக்கவில்லை, பாதிப் பந்தலைப் பிரித்தார். இப்போது ஐந்தரை மணி நேரம் வெயில். யூரியா நிறுத்தி, நீங்கள் சொன்னபடி தண்ணீர்.

போன வாரம் புது அலை பூத்தது. பூ முன்னைவிடக் குறைவு. ஆனால் மரத்தில் இருந்த 22 பூவில் 7 குடம்! இப்போது 3 பூவில் இதழ் கொட்டியும் பூ விழவில்லை. அடி பளபளப்பாக வீங்கிக்கொண்டு வருகிறது. அம்மா விழுந்த பூவை எண்ணுவதை நிறுத்திவிட்டு இந்த மூன்றை எண்ணுகிறார்.

#22 பழைய_மண்வெட்டி

மூன்றும் நிற்கும் என்று எண்ணாதீர்கள். அடுத்த எதிரி மாதுளைப் பட்டாம்பூச்சி. பூவிலும் பிஞ்சிலும் முட்டை வைக்கும், புழு துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்ன ஓட்டை, வாயில் எச்சம், நாற்றம். எலுமிச்சை அளவு வருவதற்குள் ஒவ்வொரு காய்க்கும் மெல்லிய துணிப்பையோ காகிதப்பையோ கட்டுங்கள். இரண்டு காய் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள், இடுக்கில்தான் மாவுப்பூச்சி குடியேறும்.

#23 முற்றத்து_நிழல்

இரண்டு காய்க்குக் கட்டினேன். மூன்றாவது உச்சியில் இருந்தது, எட்டவில்லை, நாளை ஏணி வைத்துக் கட்டலாம் என்று விட்டேன். நாளை நாளை என்று மூன்று வாரம் போய்விட்டது. இன்று பார்த்தால் ஓட்டை. கீழே இறக்கிப் பிளந்தேன், உள்ளே கறுத்துக் கிடக்கிறது, புழு ஒன்று நெளிகிறது. அதை விவரிக்க விரும்பவில்லை.

#24 இலைச்சருகு

அதை மரத்தடியில் போடாதீர்கள், மட்குக் குழியிலும் வேண்டாம். அடைத்து அப்புறப்படுத்துங்கள்.

#25 முற்றத்து_நிழல்

இன்னும் இரண்டரை மாதம் ஆகிவிட்டது. ஒன்பது நாள் வெளியூர் போயிருந்தோம், தண்ணீர் இல்லை. திரும்பி வந்த அன்று இரவு பாவம் காய்ந்துவிட்டதே என்று அரை மணி நேரம் ஹோஸைத் திறந்து விட்டேன். மறுநாள் காலை பையைக் கழற்றினால் பெரிய காய் காம்பிலிருந்து அடிவரை வெடித்திருக்கிறது. உள்ளே வெளிர் சிவப்பு முத்துகள். எறும்பு முந்திக்கொண்டது.

#26 பழைய_மண்வெட்டி

பாவம் பார்த்ததுதான் தப்பு. காய்ந்த நாட்களில் தோல் இறுகி விரிகிற தன்மையை இழந்துவிடும். திடீரென்று தண்ணீர் வந்தால் முத்துகள் மளமளவென்று ஊதும், தோல் என்ன செய்யும்? வறண்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஈரத்துக்குக் கொண்டுவர வேண்டும். போரான் என்கிற நுண்சத்து குறைந்தாலும் வெடிக்கும், ஆனால் உங்கள் கதையில் அதைத் தேட வேண்டியதில்லை.

மிச்சம் இருப்பதை அவசரப்பட்டுப் பறிக்காதீர்கள். மாதுளை பறித்த பிறகு பழுக்காது, பறித்த அன்று எப்படியோ அப்படியேதான். தோல் நிறத்தை நம்ப வேண்டாம், சூடான இடங்களில் மஞ்சள் பச்சையாகவே பழுக்கிறதும் உண்டு. உருண்டையாக இருந்த காய் லேசாகப் பட்டை பட்டையாகக் கோணம் காட்டும். தோலில் மினுமினுப்பு குறையும். தலையில் இருக்கிற கிரீடத்தின் முனைகள் உள்பக்கமாக மடங்கும். சுண்டினால் மந்தமாக இல்லாமல் கணீரென்று கேட்கும். அப்போது காம்போடு கத்தரியுங்கள், முறுக்கிப் பிடுங்கினால் கிளை நுனியும் சேர்ந்து வரும்.

#27 முற்றத்து_நிழல்

அம்மா 12 நாள் தினமும் சுண்டிப் பார்த்தார். நேற்று "இன்னைக்குச் சத்தம் வேற மாதிரி இருக்கு" என்றார். வெட்டினோம்.

வெளியே பாதி மஞ்சள், பாதி சிவப்பு. உள்ளே நல்ல ரோஜா நிறம். கிரீடத்தை வட்டமாகச் சீவி, வெள்ளைத் தோல் போகிற கோடுகளில் கீறிப் பிரித்தோம். மேலே ஐந்தாறு அறை, கீழே மூன்று. இனிப்பில் கொஞ்சம் புளிப்பு. விதை சற்றுக் கடினம். ஒரு காயை நான்கு பேர். அப்பா தன் பங்கைச் சாப்பிட்டுவிட்டு, மிச்சப் பந்தலையும் பிரித்துவிடலாமா என்று கேட்டார்.

#28 தேனீப்பெட்டி

அந்தக் கேள்விதான் இந்த இழையின் பெரிய அறுவடை.

#29 சின்னத்தொட்டி

அந்த மரத்திலிருந்து எனக்கு ஒரு கன்று வேண்டும். புளிப்பைச் சாப்பிட்டு அலுத்துவிட்டது. விதை அனுப்பினால் போதுமா?

#30 பழைய_மண்வெட்டி

நானா விதையில் தாய் மாதிரியே வரும், மற்ற ரகங்கள் வராது. குச்சி வையுங்கள். பென்சில் கனத்துக்கு முற்றிய கிளை, ஒரு சாண் நீளம், மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள். ஈரம் இருக்க வேண்டும், சேறு ஆகக் கூடாது. அதில் காய் பார்க்க இரண்டு மூன்று வருடம்.

#31 முற்றத்து_நிழல்

இதைப் படித்ததுமே ஆறு குச்சி வெட்டிவிட்டேன். இலையையும் உருவிவிட்டேன். இப்போது மேஜைமேல் வரிசையாகக் கிடக்கிறது, எது அடி எது நுனி என்று தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

#32 பழைய_மண்வெட்டி

இலை உதிர்ந்த தழும்பு கீழே, மொட்டு அதற்கு மேலே. மொட்டின் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அது நுனி. அடுத்த முறை வெட்டும்போது அடியைச் சாய்வாக, நுனியை நேராக வெட்டுங்கள், மூக்கைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.